நிட்டேவோவும் கம்பளி போட்ட மனிதரும்

(திருகோணமலைக்குக் கல்விச் சுற்றுலா வந்திருந்த தோட்டத்துத் தாய்மார், இளைஞர், பிள்ளைகள் மத்தியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்கள் வாசிக்கட்டும் என்று இங்கே தருகிறோம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



பகல் முழுக்க நடந்து களைத்துப் போயிருக்கிறீர்கள். காலையில் பிரட்றிக் கோட்டை வாசலில் மான்களைப் பார்த்தீர்கள். கோணேசர் கோயிலில் கும்பிட்டீர்கள். இராவணன் வெட்டைக் குனிந்து பார்த்துத் தலை சுற்றுகிறது என்றீர்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளி ஊற்றிக்கொண்டீர்கள். மாலையில் துறைமுகத்தையும் பார்த்தாயிற்று. இந்த நேரத்தில் நீட்டி முழக்கிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிப்போவீர்கள் என்று நமக்குத் தெரியும்.

சேமிப்பு, குடிநீர், சுகாதாரம் என்று ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டுதான் நாம் வந்தோம். வருகிற வழியில் பஸ்ஸுக்குள் நடந்த ஒரு சங்கதி அதை மாற்றிவிட்டது.

ஹபரணைக் காட்டைத் தாண்டும்போது ரோட்டோரத்தில் குரங்குக் கூட்டம் நின்றது. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பாய்ந்தார்கள். அப்போது ஒரு சின்னப் பொண்ணு கேட்டாள்: "இந்தக் காட்டுக்குள்ள மனுசக் குரங்கு இருக்காமே, நெசந்தானா? போன்ல பாத்தேன்." பின் சீட்டில் இருந்த பாட்டி உடனே சொன்னார்: "இருக்குடி. எங்க தாத்தா அந்தக் காலத்துல பாத்திருக்காரு. ரெண்டு கால்ல நடக்குமாம், ஒடம்பெல்லாம் மசுராம்." அவ்வளவுதான். திருகோணமலை வந்து சேரும் வரை பஸ்ஸுக்குள் வேறு பேச்சே இல்லை. ஒருவர் இமயமலைப் பனிமனிதன் என்றார். இன்னொருவர் அனுமார் பரம்பரை என்றார். டிரைவர் தம்பி கூட ஒரு கதை சொன்னார்.

சரி, உங்களுக்கு எதில் ஆசையோ அதையே பேசுவோம் என்று முடிவு செய்தோம். சேமிப்பைப் பற்றி நாளைக்குக் காலையில் பேசலாம். அதற்காக ஓடி ஒளியக் கூடாது!

நிட்டேவோ என்ற கதை

நமது நாட்டிலேயே அப்படி ஒரு மனிதக் குரங்குக் கதை உண்டு. அதன் பெயர் நிட்டேவோ. கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடம் இந்தக் கிழக்குக் கரையோரத்தின் தென் கோடி. இங்கிருந்து மூதூர், வெருகல், மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் என்று போனால் பாணமை வரும். அதற்கும் தெற்கே உகந்தை முருகன் கோயில், குமண, யால காடுகள். கதிர்காமப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தக் காடு தெரியும். அந்தப் பக்கத்தில் மகாலேனம என்று ஒரு இடம். அங்கே வாழ்ந்த வேடர்கள் சொன்ன கதைதான் இது.

1886 ஆம் ஆண்டு ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி இதை முதலில் எழுத்தில் போட்டார். ஓலைச் சுவடிகளையும் நாட்டார் கதைகளையும் தேடித் தேடிச் சேர்த்த மனிதர் அவர். அவர் சேர்த்த சுவடிகள் இன்றும் லண்டனில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவர் கேட்ட கதை இப்படி:

நிட்டேவோ மூன்று, நான்கு அடி உயரம்தான். பெண்கள் இன்னும் குட்டை. வால் கிடையாது. நிமிர்ந்து நடக்கும். கை குட்டை, நகம் நீளம். உடம்பில் செம்பட்டை மயிர். பத்து, இருபது என்று கூட்டமாக இருக்கும். குகையிலும் பாறை இடுக்கிலும் படுக்கும். முயல், அணில், ஆமை, உடும்பு என்று அகப்பட்டதை நகத்தால் கிழித்துத் தின்னும். பேச்சு பறவை கீச்சிடுவது போல இருக்குமாம். அந்தப் பேச்சு சில வேடர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளங்குமாம்.

வேடருக்கும் அவர்களுக்கும் தீராத பகை. வேடரிடம் வில்லும் அம்பும் இருந்தன. நிட்டேவோவிடம் நகம்தான் இருந்தது. கடைசியில் மிஞ்சியவர்களை வேடர்கள் ஒரு குகைக்குள் விரட்டினார்கள். வாசலில் விறகைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். மூன்று நாள் எரிந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதோடு நிட்டேவோ என்ற இனமே இல்லாமல் போயிற்று. இது நடந்தது 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் என்று கணக்குச் சொன்னார்கள்.

நெவிலுக்குப் பிறகு பிரெட்ரிக் லூயிஸ் என்பவர் பாணமைப் பக்கம் போய், இதே மாதிரிக் கதையைத் தனியாகக் கேட்டு 1914 இல் எழுதினார். 1945 இல் ஒஸ்மன் ஹில் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் எழுதினார். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் படிப்பித்தவர், குரங்கினங்களைப் பற்றி உலகமே மதித்த அறிஞர். ஜாவாவில் எலும்பு கிடைத்த ஆதி மனிதனைப் போல ஒரு இனம் இங்கேயும் இருந்திருக்குமோ என்று அவர் யோசித்தார். 1963 இல் கப்டன் ரம்புக்வெல்ல என்பவர் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு மகாலேனமப் பக்கம் போய்க் குகைகளைத் தோண்டிப் பார்த்தார். நிட்டேவோவின் எலும்பு என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை. இன்று வரைக்கும் அகப்படவில்லை.

காட்டில் உண்மையில் இருப்பவை

இப்போது பஸ்ஸில் கேட்ட அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் மூன்று வகைக் குரங்குதான் உண்டு. ஒன்று, செம்பட்டை மயிரும் தலையில் தொப்பி வைத்தது போல முடியும் உள்ள குரங்கு. சிங்களத்தில் றிலவா என்பார்கள். லயத்துக் கூரையில் ஏறி உங்கள் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதுதான். இரண்டாவது, ஹபரணையில் பார்த்தீர்களே, நீள வாலும் கறுத்த முகமும் உள்ள சாம்பல் மந்தி. மூன்றாவது கறுத்த மந்தி. இவை தவிர தேவாங்கு இரண்டு வகை. எல்லாக் குரங்குக்கும் வால் உண்டு. வால் இல்லாத பெரிய மனிதக் குரங்குகள் ஆபிரிக்காவிலும், சுமாத்திரா, போர்னியோ தீவுகளிலும்தான் இருக்கின்றன. சின்ன வகையான கிப்பன் இந்தியாவின் வடகிழக்கிலிருந்து கிழக்கே உள்ள நாடுகளில் உண்டு. இலங்கையில் ஒன்று கூட இல்லை. இருந்ததற்கு எலும்பும் இல்லை.

பிறகு ஏன் இந்தக் கதை? நமது காட்டில் மனிதரைப் போலத் தோன்றக்கூடியவை இரண்டு உண்டு.

ஒன்று கரடி. இந்த மாவட்டத்துக் காடுகளிலும், யாலவிலும், வில்பத்துவிலும் இருக்கிறது. திடுக்கிட்டால் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும். புற்றைத் தோண்டிக் கறையான் தின்கிற மிருகம் என்பதால் நகம் நீளம். அந்தி நேரத்தில் பற்றைக்குப் பின்னால் அது எழுந்து நின்றால் யாராக இருந்தாலும் மனிதன் என்றுதான் நினைப்பார்கள்.

மற்றது நம்ம மலைநாட்டுக் கறுத்த மந்தி. குளிருக்கு ஏற்ற மாதிரி அதற்கு மயிர் சடையாகத் தொங்கும். வெள்ளைக்காரத் துரைமார் அதைக் கரடிக் குரங்கு என்றே சொன்னார்கள். நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் விடியற்காலையில் அது கத்தினால் மலை அதிரும். மூடுபனிக்குள் ஒரு கொப்பில் குந்தியிருந்தால் கிழவர் ஒருவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பாட்டி, உங்க தாத்தா பாத்தது அதுவா இருக்கலாம். அவரு பொய் சொல்லல. பாத்ததுக்குப் பேரு வைக்கிறதுலதான் பிசகு வந்திருக்கும்.

குரங்கைப் பார்த்து மனிதனை நினைப்பது பெரிய படிப்பாளிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1344 இல் சிவனொளிபாத மலைக்கு வந்த இபுனு பதூதா என்ற அரபு நாட்டுப் பயணி, தாடி வைத்த கறுத்த குரங்குகளைப் பற்றி எழுதினார். அவற்றுக்கு ஒரு தலைவன் உண்டு, கையில் தடி வைத்திருக்கும் என்று கேட்டதையும் சேர்த்து எழுதி வைத்தார். இந்தத் திருகோணமலைக்கு எதிரே குடாவுக்கு அப்பால் தெரிகிறதே மூதூர், 1660 இல் றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய வாலிபர் அங்கேதான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருசம் உள்நாட்டில் இருந்து தப்பிப் போய், 1681 இல் புத்தகம் போட்டார். காதிலிருந்து காது வரைக்கும் வெள்ளைத் தாடி வைத்த குரங்குகள் பார்வைக்குக் கிழவர்களைப் போலவே இருக்கின்றன என்று அவரும் எழுதினார்.

ஆனால் ஒன்று. கரடி பத்து, இருபதாகக் கூட்டம் கூடாது. மந்தி முயலைக் கிழித்துத் தின்னாது. குகைக்குள் குடும்பம் நடத்துவதும், பேசுவதும், பகை வைப்பதும் மனிதர்தான். நிட்டேவோ கதையில் மிருகத்தின் அடையாளமும் இருக்கிறது, மனிதரின் அடையாளமும் இருக்கிறது. கதையின் சிக்கல் அங்கேதான்.

வெளியுலகில் நடந்தவை

இமயமலைப் பனிமனிதனைக் கேட்டீர்கள். 1951 இல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறி பனியில் பதிந்த பெரிய காலடி ஒன்றைப் படம் எடுத்தார். உலகம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. 1960 இல் எவரெஸ்ட் ஏறிய ஹிலரியே தேடிப் போனார். ஒரு மடத்தில் பனிமனிதனின் தலைத்தோல் என்று வைத்திருந்ததை வாங்கிச் சோதித்தார்கள். அது காட்டாட்டு இனம் ஒன்றின் தோலில் செய்தது என்று தெரிந்தது. 2017 இல் பனிமனிதனுடையது என்று பல இடங்களில் வைத்திருந்த எலும்பு, பல், மயிர் என்று ஒன்பதை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். எட்டு கரடி. மிச்சம் ஒன்று நாய்!

ஆனால் விஞ்ஞானம் எல்லாக் கதையையும் இப்படி ஊதித் தள்ளிவிடவில்லை. இந்தோனேசியாவில் புளோரஸ் என்று ஒரு தீவு. அங்கே காட்டுக்குள் இருந்த மயிர் மூடிய குள்ளரைப் பற்றி ஊர் மக்கள் கதை சொல்வார்கள். எபு கோகோ என்று பெயர். அவர்களைத் தங்கள் முன்னோர் ஒரு குகைக்குள் வைத்து நெருப்பால் அழித்ததாகவும் சொல்வார்கள். நிட்டேவோ கதை மாதிரியே இருக்கிறது, பாருங்கள். 2003 இல் அதே தீவின் ஒரு குகையில் மூன்றரை அடி உயரமுள்ள பழங்கால மனித இனம் ஒன்றின் எலும்பு உண்மையாகவே கிடைத்தது. கதை சொன்னவர்கள் துள்ளிக் குதித்தார்கள். பிறகு வயதைக் கணக்கிட்டால் அந்த எலும்புகள் 60,000 வருசத்துக்கும் பழையவை. பாட்டனுக்குப் பாட்டன் கண்டு சொன்ன கதையோடு அதை ஒட்ட வைப்பது கஷ்டம்.

நமது நாட்டிலும் பாகியன்கல, பட்டதொம்பலென என்ற குகைகளைத் தோண்டி, 40,000 வருசத்துக்கு முன்பே இங்கே மனிதர் வாழ்ந்ததற்கு அத்தாட்சி எடுத்திருக்கிறார்கள். அந்த எலும்புகள் நம்மைப் போன்ற மனிதருடையவைதான். குரங்குகளையும் அணில்களையும் அவர்கள் வேட்டையாடித் தின்றார்கள் என்றும் 2019 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மனிதக் குரங்கைத் தேடிப் போன குகைகளில், குரங்கைச் சாப்பிட்ட மனிதர்தான் அகப்பட்டார்கள்.

கதையைச் சொன்னது யார்?

இப்போது நாம் கேட்கப்போவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிட்டேவோவின் கதையைச் சொன்னது யார்? நெருப்பு வைத்தவர்களின் வாரிசுகள். குகைக்குள்ளே இருந்தவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்கள் நகம் நீளமானவர்கள், மயிர் மூடியவர்கள், பேச்சு வராதவர்கள் என்பதெல்லாம் எதிரி சொன்ன சாட்சியம். இந்தப் பெயரையே பழைய நூல்களில் வரும் நிஷாதர் என்ற காட்டு மக்களின் பெயரோடு சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. அப்படியானால் அவர்கள் ஒரு குட்டையான, ஏழ்மையான மனிதக் கூட்டமாக இருந்திருக்கலாம். கதை முழுக்கக் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தைக் கொல்ல வேண்டுமென்றால் முதலில் அதை மிருகம் என்று சொல்ல வேண்டும் என்ற பாடம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

வேடரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்களையே மற்றவர்கள் மிருகத்தைப் போலத்தான் எழுதினார்கள். சிரிக்கத் தெரியாதவர், எண்ணத் தெரியாதவர் என்றெல்லாம் வெள்ளைக்காரர் எழுதி வைத்தார்கள். இந்த மாவட்டத்திலேயே மூதூர், வெருகல் பக்கத்தில் கரையோர வேடர் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்தான் பேசுகிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், சேனை செய்கிறார்கள். நாம் கும்பிடுகிற கதிர்காம முருகன் பெண் எடுத்ததும் வேடர் குலத்தில்தான். வள்ளியம்மாவைக் கும்பிட்டுவிட்டு வேடனை மிருகம் என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

நம்ம கதையும் அதுதானே. நம்ம பாட்டன் பாட்டிமார் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியெல்லாம் விழுந்து செத்தார்கள். மிஞ்சி வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? தோட்டக்காட்டான். கள்ளத்தோணி. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. அந்தக் கணக்குத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் பொறுத்திருந்தோம். பேர் வைத்தபிறகுதான் உரிமையைப் பிடுங்கினார்கள். அதனால் யாரையாவது ‘அது’ என்று சொல்லும்போது நம்ம ஆட்களுக்குத்தான் முதலில் உறைக்க வேண்டும்.

நாம் எறிந்த கல்

உறைக்க வேண்டும் என்று சொல்வது லேசு. நமக்கு உறைக்காமல் போன ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இதை மேடையில் நாம் சொல்வது இதுதான் முதல் தரம்.

அப்போது நமக்குப் பதினொரு வயசு இருக்கும். லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே காடு. அந்த வருசம் மழைக்காலத்தில் மேமலைக் காட்டிலிருந்து ஒன்று இறங்குகிறது என்று பேச்சு வந்தது. ஒருவர் காட்டேரி என்றார். இன்னொருவர் மனுசக் குரங்கு என்றார். கொழுந்து எடுக்கப் போன ஒரு அக்கா, "சடை சடையா மசுரு, குந்திக்கிட்டே பாக்குது" என்று அழுதுகொண்டு ஓடி வந்தார். பெரட்டுக் களத்திலும் அதே பேச்சு, பிள்ளை மடுவத்திலும் அதே பேச்சு. ஆம்பிளைகள் ராத்திரியில் தீப்பந்தத்தோடு காவல் இருந்தார்கள். ரோதமுனிக்குச் சேவல் நேர்ந்தார்கள்.

ஒரு நாள் பின்னேரம், மூடுபனி இறங்கிய நேரம். காட்டோரம் ஒரு உருவம் தெரிந்தது. குனிந்து, முதுகு பருத்து, தலை முதல் முழங்கால் வரை மயிர் மூடின மாதிரி. "அந்தா நிக்கிது!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஓடினார்கள். பெரியவர்கள் கல் பொறுக்கினார்கள். நாமும் பொறுக்கினோம். அந்த உருவம் கையைத் தூக்கிக்கொண்டு என்னவோ சத்தம் போட்டது. பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை, அப்படி ஒரு சத்தம். அதைக் கேட்டுப் பயம் இன்னும் கூடியது. கல்லு மழை மாதிரிப் போச்சு.

கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கத்து டிவிசன் மனிதர். நனைந்த கம்பளியைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முதுகில் விறகுக் கட்டோடு நின்றிருக்கிறார். பிறவியிலேயே அவருக்குக் காதும் கேட்காது, வாயும் வராது. "நான்தாப்பா, அடிக்காதீங்க" என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். இடது கண்ணில் ரத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது, கண் தப்பவில்லை.

யாருடைய கல் பட்டது என்று யாருக்கும் தெரியாது. அது நம்முடைய கல் இல்லை என்று நம்மால் இன்றைக்கும் சத்தியம் பண்ண முடியாது. அவர் அதற்குப் பிறகும் பல வருசம் அதே மலையில்தான் வேலை செய்தார். நம்மைக் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் நாம் வேறு பாதையால் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். மன்னிப்பு ஒன்று கேட்டிருக்கலாம். கையைப் பிடித்திருந்தாலே அவருக்கு விளங்கியிருக்கும். கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

கிறீஸ் பூதம் வந்த வருசம்

அது பழைய காலம், இப்போது அப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2011 ஆகஸ்ட் மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு ஒருவன் வந்து பெண்களைப் பிராண்டுகிறான், கூரைக்குக் கூரை பாய்கிறான் என்று நாடே நடுங்கியது. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பூதம் என்று சந்தேகப்பட்டு இரண்டு பேரை அடித்தே கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். இந்தா, நாம் இருக்கிற இந்தத் திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவில், பூதம் கடற்படை முகாமுக்குள் ஓடிவிட்டது என்று சொல்லி ஊர்மக்களும் படையினரும் மோதினார்கள். பிடித்த பூதம் ஒன்று கூட இல்லை. செத்ததெல்லாம் மனிதர்.

அதற்குப் பத்து வருசத்துக்கு முன்னால், 2001 மே மாசம் டில்லியிலும் இதே கூத்து. கறுத்த குரங்கு மனிதன் ராத்திரியில் பிராண்டுகிறான் என்று பேச்சு. கரண்ட் இல்லாத வெக்கையில் மொட்டை மாடியில் படுத்திருந்த ஏழை ஜனங்கள் பயந்து குதித்ததில் உயிர்ப்பலி ஆனது. உயரம் குறைந்த ஒரு நாடோடிச் சாமியாரைப் பிடித்து அடித்தார்கள். நிட்டேவோவின் உயரம், அந்தச் சாமியாரின் பாவம்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. பெண்களின் பயம் பொய் இல்லை. இருட்டில் வெளியே கக்கூசுக்குப் போக வேண்டிய லயத்தில், லைட் இல்லாத பாதையில், தனியாகப் போகிற பொம்பளைக்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்? கை வைக்கிறவன் இருக்கிறான். அவன் மனிதன். பெயரும் முகவரியும் உள்ளவன். பூதம் என்று சொன்னால் அவனுக்குத்தான் லாபம். பூதத்தை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாதே.

ஆகையால் சில காரியங்களைச் சொல்லி வைக்கிறோம். ஒரு வதந்தி வந்தால் முதலில் கேளுங்கள்: பார்த்தது யார், எங்கே, எப்போது? "யாரோ பாத்தாங்களாம்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். போனில் வந்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிட முன் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்நியர் யாராவது வந்தால் சுற்றி நின்று பெயர் கேளுங்கள், கை வைக்காதீர்கள். 119 க்கு அடித்துப் பொலிசைக் கூப்பிடுங்கள். வந்தவருக்குப் பேச வராமல் இருக்கலாம், நம்ம பாஷை தெரியாமல் இருக்கலாம், புத்தி சுவாதீனம் இல்லாமல் இருக்கலாம். பெண்களுக்குத் தொந்தரவு என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. மாதர் சங்கமும் தோட்டக் கமிட்டியும் சேர்ந்து பாதைக்கு லைட் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தீப்பந்தத்துக்குச் செலவழிக்கிற ராத்திரியில் ஒரு மனு எழுதிவிடலாம்.

மிருகம் இறங்கினால் 1992 என்பது வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். காண்பதற்கே அரிதான மிருகம். மூன்று நாளில் செத்துப்போனது. பன்றிக்கு வைத்த சுருக்கு அது. நம்ம மலையில் உண்மையாகவே இருக்கிற அதிசயங்கள் சுருக்கில் சாகின்றன. கறுத்த மந்தியும் அருகிப் போகிறது. இல்லாத மனுசக் குரங்கைத் தேடுகிற கண்ணால் இவற்றையும் ஒருக்கால் பாருங்கள்.

கடைசியாக அந்தப் பொண்ணுக்கு. தங்கச்சி, நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. காட்டைப் பார்த்து அதிசயப்படுவதை விட்டுவிடாதே. கரடியைப் பற்றிப் படி, மந்தியைப் பற்றிப் படி, குகையைத் தோண்டுகிற படிப்பையும் படி. நிட்டேவோவைப் பற்றி நாளைக்கு யாராவது புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் அது லயத்திலிருந்து போன பிள்ளையாக இருக்கட்டும். ஆனால் மூடுபனிக்குள் ஒரு உருவம் தெரிந்தால், கல்லைத் தேடாதே. முதலில் "யாரு?" என்று கேள். பதில் வராவிட்டால் இன்னும் ஒரு தரம் கேள். அன்றைக்கு நாம் கேட்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போகும், குடித்துவிட்டுப் படுங்கள். சேமிப்புப் பேச்சு காலை ஏழு மணிக்கு.